இருபது மில்லிமீட்டர்

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "நல்லா இழுத்து மூச்சப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் பொத்தானை அழுத்தியிருந்தாள். மேசைமேல் கிடந்த கைபேசியில் அண்ணியின் பெயர் தெரிந்தது. வேலை நேரத்தில் அண்ணி கூப்பிட்டதே இல்லை. எடுத்தாள். கடையில் சக்கரத்தின் கோணலை எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மூச்ச விடலாமாம்மா?" உள்ளேயிருந்து ஒரு பெரியவர் திணறிக்கொண்டு கேட்டார்.

"விடுங்க," என்றாள். அவள் குரல் மாறாமல்தான் இருந்தது.

அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. சாலையில் வேகமாக ஓட்டுகிற சைக்கிள்களை, ஃப்ரேம் தனியாக, சக்கரம் தனியாக வாங்கி, ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்பப் பூட்டிக் கொடுப்பது அவர் தொழில். வாயைத் திறந்தால் மில்லிமீட்டர் கணக்குதான் வரும் என்பதால் கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு 'மில்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "வீட்டுக் கதவு அரை அடி தொங்கிக் கிடக்கு, இவருக்கு மில்லி கேக்குதாம்" என்று அண்ணி சொல்லிக்காட்டாத வாரம் கிடையாது.

மற்ற பாகங்களை அரை நாளில் முடிவு செய்துவிடுவார். ஸ்டெம்முக்கு மட்டும் இரண்டு வாரம் கேட்பார். ஹேண்டில்பாரை வண்டியின் கழுத்தோடு சேர்த்துப் பிடிக்கும், ஒரு சாண்கூட நீளமில்லாத துண்டு அது. நீளம் கூடிவிட்டால் ஓட்டுபவர் எட்டித் தொங்க வேண்டும். கழுத்து வலிக்கும், விரல் மரக்கும். குறைந்துவிட்டால் கூனிக் குறுகி உட்கார வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆளை ஏற்றி, பத்து நிமிடம் மிதிக்கச் சொல்வார். முகத்தைப் பார்க்க மாட்டார், முழங்கையை மட்டும் பார்ப்பார். பிறகு இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வார். எல்லாம் சரியென்றால்தான், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஸ்டெம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை அறுத்து எடுப்பார். "அறுத்தா அறுத்ததுதான், ஒட்ட வைக்க முடியாது" என்பார்.

அவளும் ஒரு காலத்தில் வேகமாக ஓட்டியவள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் விழுந்து காறை எலும்பு முறிந்ததோடு நிறுத்திவிட்டாள். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி ஆசை வந்து, அண்ணனிடம் போய் நின்றாள்.

"ஸ்டெம் தொண்ணூறு மில்லி போதும்டி."

"பழைய வண்டில நூத்திப்பத்துதானே இருந்துச்சு?"

"பழைய வண்டில பழைய தோள்பட்டையும்ல இருந்துச்சு."

"தொண்ணூறுல்லாம் காய்கறி வாங்கப் போற வண்டிக்குண்ணே. பேசாம முன்னாடி ஒரு கூடையும் கட்டிக் குடுத்துடு."

"கட்டிட்டாப் போச்சு. மணி வேணுமா?"

நூற்றுப்பத்தைப் பூட்டி அவளை ஏற்றினார். அவள் வயிற்றை எக்கி, மூச்சை அடக்கி, முழங்கையை வலிய மடக்கிக்கொண்டாள். "மூச்ச விடு," என்றார். "விட்டுட்டுதான் இருக்கேன்," என்றாள். இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. அவள் கேட்டதையே இறுக்கி, வண்டியைக் கையில் கொடுத்தார்.

பத்து நாள் ஓட்டினாள். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போயிற்று. ஒரு காலையில், நாற்சந்தியில், பிரேக்கைப் பிடித்தோமா இல்லையா என்றே கைக்குத் தெரியவில்லை. பேருந்து ஒன்று முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஓட்டுநர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்ணே. ஒண்ணு சொல்லணும்."

"வா. சொல்லு."

ஏமாற்றியதை நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஃபோனில் சொல்லாமல் விட்டுவிட்டாள். அந்த ஞாயிறு வருவதற்குள், வியாழக்கிழமையே அண்ணியின் ஃபோன் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, கடையை ஒதுங்க வைக்க அண்ணியோடு போனாள். வண்டியையும் தள்ளிக்கொண்டே போனாள். வேலை மேசையின் இழுப்பறையில், பழைய துணியில் சுற்றியபடி ஒரு ஸ்டெம் கிடைத்தது. தொண்ணூறு. போல்ட்டுகளுக்கு கிரீஸ்கூடத் தடவி வைத்திருந்தார். மேலே ஒட்டியிருந்த காகித டேப்பில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'தங்கச்சி. வந்து கேட்டால்.'

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அவர ஏமாத்திட்டேன் அண்ணி. அளவு எடுக்கும்போது மூச்சப் பிடிச்சுக்கிட்டேன்."

"அவரையா?" அண்ணி அலமாரியிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள். "மூச்சப் பிடிச்சா உனக்குக் காது செவந்துடுமாமே. அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிச்சாரு."

"அப்புறம் ஏன் அதையே போட்டுக் குடுத்தாரு?"

"நானும் கேட்டேன். 'என் பேச்ச அவ என்னைக்குக் கேட்டா? கை மரத்தா தானா வருவா'ன்னாரு."

அண்ணி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "போடு. இங்க இருக்கும்போதே போட்டுடு," என்றாள்.

அண்ணன் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பழையதைக் கழற்றினாள். புதியதைக் குழாயில் செருகி, முன் சக்கரத்தோடு நேர் பார்த்து, ஹேண்டில்பாரை வைத்து மூடும் தகட்டின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிர் மூலையாகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினாள். மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒன்றாக வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். அண்ணி வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்து மூச்சை விட்டாள். முழங்கை தானாகத் தாழ்ந்தது.

இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். விரல் மரப்பதில்லை. அண்ணன் கேட்கும் இரண்டு வாரமும் எப்போதோ முடிந்துவிட்டது. ஃபோர்க் குழாயை மட்டும் அவள் இன்னும் அறுக்கவில்லை. ஸ்டெம்முக்கு மேலே இருபத்தெட்டு மில்லிமீட்டர் நிற்கிறது.