அந்தச் சனிக்கிழமை எல்லாருக்கும் சுகமில்லை

கலியாண மண்டப வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். யாரையும் நோயாளி ஆக்காதீர்கள். ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் ஜெசிந்தா அக்காவின் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1. நல்ல முதுகு

எங்கள் மண்டபம், எங்கள் பேச்சில் ஹோல், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால் இருக்கிறது. புக்கிங் எடுப்பது, வாடிக்கையாளருக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது என் வேலை. அப்போது நான் இன்னும் புரொபேஷனில் இருந்தேன், வேலை நிரந்தரமாகவில்லை. மகன் ஆதியை டேகெயாரில் விட்டுவிட்டு வருவேன். தொலைபேசி மணி அடித்தால் முதலில் டேகெயார் என்று நினைத்துப் பயப்படுவேன், இல்லை என்று தெரிந்த பிறகு வாடிக்கையாளர் என்று பயப்படுவேன்.

ஜெசிந்தா அக்கா எங்கள் மணவறை அலங்காரம். மன்னார்க்காரி. கத்தோலிக்கராகப் பிறந்து, கனடாவுக்கு வந்து சில வருடங்களில் மோர்மன் சபையில் சேர்ந்தவர். அந்தச் சபை விதிப்படி தேத்தண்ணி, கோப்பி இரண்டும் தொடமாட்டார். முதலாளி குகன் அண்ணைக்கு அக்காவின் சபையில் விளங்காத விஷயம் அது ஒன்றுதான். “வைன் குடிக்காமல் இருக்கலாம். தேத்தண்ணியும் குடியாமல் ஒரு மனிசி என்னெண்டு பின்னேரம் வரைக்கும் வேலை செய்யுது?” என்று கேட்பார். ஆனால் பாதிப் பேர் எங்கள் ஹோலுக்கு வருவதே அக்காவின் மணவறைக்காகத்தான். மார்க்கம் நகரப் பக்கத்து ஹோல்காரர் அவரைக் கொத்திக்கொண்டு போகக் காத்திருந்தார்கள்.

அபிராமியின் புக்கிங்கை எடுத்தது நான். அபிராமி இங்கே பிறந்த பிள்ளை, மருந்தகத்தில் வேலை. மெலிசா என்ற பெண்ணைக் கட்டப்போகிறாள். வெள்ளையும் பொன்னும் கலந்த, தாமரைத் தூண் வைத்த, இரண்டு பக்கமும் யானை நிற்கிற மணவறைப் படத்தைக் காட்டி “இதேதான் வேணும்” என்றாள். சரி என்றேன். அதில் யோசிக்க ஏதும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் யோசிக்கிற எனக்கு, யோசிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது வருவதில்லை.

விவரத்தைக் கேட்ட ஜெசிந்தா அக்கா தலைப்பின்னைக் கழற்றித் திரும்பக் குத்தினார். பிறகு, தன் சபையின் நம்பிக்கைப்படி இந்தக் கலியாணத்துக்குத் தன்னால் மணவறை கட்ட முடியாது, வேறு எந்த வேலை தந்தாலும் செய்வேன் என்றார். குரலை உயர்த்தவில்லை.

2. வந்த முதுகுவலி

டேகெயார் வாசலில் காருக்குள் இருந்தபடி ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தைத் தொலைபேசியில் வாசித்தேன். பாகுபாடு காட்டக் கூடாதவை என்ற வரிசையில் மத நம்பிக்கையும் இருந்தது, யார் யாரை விரும்புகிறார்கள் என்பதும் இருந்தது. எது பெரியது என்று எழுதியிருக்கவில்லை. ஹோல் கலியாணத்தை மறுக்கக் கூடாது. வேலைசெய்கிறவரின் நம்பிக்கைக்கும் முடிந்தவரை இடம்கொடுக்க வேண்டும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். பின்னால் ஒருவர் ஹோன் அடித்தார். நான் தீ அணைக்கும் வண்டியின் இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

அடுத்த நாள் அண்ணையிடம் சொன்னேன். வேறொரு அலங்காரக்காரரை ஒழுங்கு செய்வோம், அபிராமிக்கு உண்மையைச் சொல்வோம் என்றேன். அவர் முதல் பாதிக்கு மட்டும் தலையாட்டினார்.

“உண்மையைச் சொன்னால் அவையளும் கோவிப்பினம், இவவும் கோவிப்பா. சுகமில்லை எண்டால் ஆர் கோவிக்கிறது, தங்கச்சி?”

என் கண்முன்னாலேயே அபிராமியின் அம்மா பத்மா அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தார். ஜெசிந்தாவுக்குக் கடுமையான முதுகுவலி, பாரம் தூக்க வேண்டாமென்று டொக்டர் மறித்துவிட்டார், ரெக்ஸ்டேலில் இருந்து நல்ல ஆளைக் கூப்பிடுகிறோம் என்றார். முதுகைப் பிடித்துக்கொண்டே சொன்னார். தொலைபேசியில் அது தெரியாது என்பதை மறந்துவிட்டார்.

அவர் மறந்த இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் ஆட்களிடம் ஒருவருக்குச் சுகமில்லை என்று சொன்னால் அதோடு முடியாது. போய்ப் பார்ப்பார்கள்.

அன்று பின்னேரமே பத்மா அன்ரி, மோர்னிங்சைட்டில் ஜெசிந்தா அக்கா இருக்கிற மாடிக்கட்டடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்கில் கொத்தமல்லி அவித்த மல்லித்தண்ணி, இன்னொன்றில் தேத்தண்ணி, முதுகுக்குப் பூச நல்லெண்ணெய், ஒரு கொத்து முந்திரிகைப்பழம் என்கிற திராட்சை. அக்காவின் மகன் கதவைத் திறந்தபோது ஜெசிந்தா அக்கா மூன்று பேர் உட்காரக்கூடிய சோபாவைத் தனியாக இழுத்துவிட்டு அதன் கீழே கூட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா பொய் சொல்லமாட்டார். முதுகில் ஒன்றும் இல்லை, காரணம் இதுதான் என்று அன்ரியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். வந்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக, தேத்தண்ணியை விட்டுவிட்டு மல்லித்தண்ணியை முழுதாகக் குடித்தார். பத்மா அன்ரி எண்ணெய்ப் போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

3. ஒபிசில் ஐந்து பேர்

மறுநாள் காலை அபிராமி தொலைபேசி எடுத்தாள். வேலை முடிந்து அம்மாவுடன் வருகிறேன், சட்டப்படி முறைப்பாடு செய்வதா இல்லையா என்று அதன் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

குகன் அண்ணைக்கு வேர்த்தது. “ஜெசிந்தாவை வேலையால நிப்பாட்டிப்போட்டம் எண்டு சொல்லுவம். பிரச்சினை முடிஞ்சுது. நீர்தான் அவவுக்குச் சொல்ல வேணும்.”

“அது இன்னொரு முறைப்பாடு, அண்ணை. அவவும் சட்டத்தில இருக்கிறா.”

“எல்லாரும் சட்டத்தில இருந்தால் நான் எங்கை இருக்கிறது?”

அவர் சொன்னதைச் சொல்ல மூன்று தரம் ஜெசிந்தா அக்காவிடம் போனேன். மூன்று தரமும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். கடைசியில் அவரே, “என்னை நிப்பாட்டச் சொல்லிப்போட்டாரோ?” என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். தலையசைத்துவிட்டு, பின்னேரக் கூட்டத்தில் தானும் இருக்க வேண்டும் என்றார். அவருடைய மகன் அந்த வருடம்தான் கொலிஜ் தொடங்கியிருந்தான்.

ஒபிசில் ஐந்து பேரும் இருந்தோம். வழக்கம்போலத் தேத்தண்ணி வந்தது. அபிராமி கோபத்தில் தொடவில்லை, ஜெசிந்தா அக்கா சபையால் தொடவில்லை, நானும் குகன் அண்ணையும் பயத்தில் தொடவில்லை. பத்மா அன்ரி மட்டும் குடித்தார்.

ஜெசிந்தா அக்கா தொடங்கினார். “எங்கட சபையில கலியாணம் எண்டது சாவோட முடியிற விசயமில்லை, பிள்ளை. அதுக்குப் பிறகும் இருக்கிறது. அது ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் எண்டு நம்பிறம். நான் ஒவ்வொரு மணவறைக்கும் முதல் தூண் வைக்க முன்னம் ஜெபிக்கிறனான். உங்களுக்கு ஜெபிச்சால் அது பொய் ஜெபமாப் போகும்.”

“என்ர மச்சாள்ட மூண்டாவது கலியாணத்துக்கும் நீங்கள்தானே கட்டினது, அன்ரி? அதுக்கும் ஜெபிச்சனீங்களோ?” என்று கேட்டாள் அபிராமி.

“அதுக்குத்தான் கூட ஜெபிச்சனான்.”

பத்மா அன்ரிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அபிராமியும் சிரித்திருப்பாள், ஆனால் சிரிக்க விரும்பவில்லை.

“நீங்கள் என்ன வேணுமெண்டாலும் நம்புங்கோ. ஐ ஆம் நொட் ஆஸ்கிங் யூ டு ப்ரே. எனக்குத் தூண்தான் வேணும். ஆனா ஒவ்வொரு கடையிலயும் ஒருத்தர் இப்பிடிச் சொன்னால், நான் ஒரு பூ வாங்கிறதுக்கும் முதல்ல பெர்மிஷன் கேட்டுக்கொண்டு நிக்க வேணும். அது எப்பிடி இருக்கும் எண்டு தெரியுமோ?”

“தெரியாது,” என்றார் ஜெசிந்தா அக்கா. “நான் அப்பிடி நிண்டதில்லை.”

அப்போதுதான் பத்மா அன்ரி கோப்பையை வைத்தார். மகளோடு தானே ஒரு வருடம் கதைக்காமல் இருந்தவர் என்று அவரே சொன்னார். இப்போது கலியாணத்துக்குச் சொந்தக்காரரைக் கூப்பிடுகிறார். பெரியண்ணைக்குப் பிரஷராம். சின்ன மச்சாளுக்கு முழங்கால் நோவாம். தங்கச்சிக்குத் தலைச்சுற்றாம்.

“அந்தச் சனிக்கிழமை எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் சுகமில்லை, குகன். ஹோல்காரருக்கும் சுகமில்லை எண்டவுடனே நான் நம்பினனான், கட்டின காசுக்காவது ஆரும் உண்மை சொல்லுவினம் எண்டு. கடைசியில மூஞ்சைக்கு நேர சொன்ன ஒரே ஆள் உந்த ஜெசிந்தாதான்.”

அபிராமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ர கலியாணத்தால ஒருத்தருக்கு வேலை போக வேண்டாம்,” என்றாள். “ஆனா ஹோலில எனக்குச் சொன்னதெல்லாம் சொன்னபடி வேணும். அந்த மணவறைதான் வேணும். மன்னிப்புக் கேட்டு சொறி சொல்ல வேண்டியது ஜெசிந்தா அன்ரி இல்லை. நீங்கள்.”

குகன் அண்ணை எழுந்து நின்று சொறி சொன்னார். மனம் கேளாமல் வட்டிலப்ப இனிப்பு இலவசம் என்றும் சொன்னார். பிறகு ஜெசிந்தா அக்காவிடம், சனிக்கிழமை லீவு எடுக்கலாமே என்றார்.

“ஏன்? நான் சாப்பாட்டுப் பக்கம் நிக்கிறன். பசிச்ச ஆக்களுக்குச் சோறு போட நான் ஆரையும் கேக்கத் தேவையில்லை.” அபிராமியைப் பார்த்தார். “உமக்குச் சம்மதமெண்டால்.”

அபிராமி யோசித்தாள். “ஓகே,” என்றாள். “பட் கத்தரிக்காய் பொரிச்சது நிறைய வையுங்கோ.”

4. யானை

ரெக்ஸ்டேல் அலங்காரக்காரர் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அன்று நெடுஞ்சாலையில் ஒரு லொறி கவிழ்ந்து நேரம் கெட்டுப்போனது. அவர் தூண்களையும் பூவையும் பார்த்துக்கொள்ள, யானைகளை நான் வைத்தேன். மணமக்கள் வரும் வழியைப் பார்க்க வேண்டுமா, மேடையைப் பார்க்க வேண்டுமா என்று மூன்று தரம் மாற்றினேன். கடைசியாக மேடையில் இருக்கும் மணமக்களைப் பார்க்கட்டும், அதுதான் மரியாதை என்று முடிவெடுத்தேன்.

ஜெசிந்தா அக்கா சோற்றுத் தட்டத்தோடு கடந்து போனார். நின்றார். மணவறைக்குக் கிட்ட வரவில்லை, தட்டத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

“சனத்துக்கு யானையின்ர பின்பக்கம் தெரியுது,” என்றார். “நான் ஒண்டும் செய்யேல்லை. கண் இருக்கிறதால கண்டது.”

போய்விட்டார். நான் யானைகளைத் திருப்பினேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. அபிராமி வீட்டுப் பக்கத்தில் மூன்று மேசைகள் வெறுமையாக இருந்தன. பத்மா அன்ரி அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, மிஞ்சிய சாப்பாட்டையும் கேக்கையும் பார்சல் கட்டித் தரச் சொன்னார்.

“ஆருக்கு அன்ரி?”

“சுகமில்லாத வருத்தக்காரருக்கு. நாளைக்குப் போய்ப் பார்க்க வேணுமெல்லே. மல்லித்தண்ணியும் அவிச்சுக் கொண்டு போறன்.”

பார்சல் கட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்கா நிமிர்ந்தார். ஞாயிறு காலை தனக்குச் சபை, பின்னேரமென்றால் காரில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். சுகமில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பது தங்கள் சபையிலும் கடமை என்றார்.

போனார்கள். பிரஷர்காரர் கராஜில் டயர் மாற்றிக்கொண்டிருந்தாராம். முழங்கால் மச்சாள் மாடியிலிருந்து ஓடிவந்து கதவு திறந்தாராம். பத்மா அன்ரி ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் மல்லித்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, மகளின் கலியாணப் படங்களைக் காட்டியிருக்கிறார். தலைச்சுற்றுத் தங்கச்சி மட்டும் அழுதாராம். அடுத்த கிழமை அபிராமியையும் மெலிசாவையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். மற்றவர்கள் கூப்பிடவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சுகமில்லாமல் போனதாக நான் கேள்விப்படவில்லை.

ஜெசிந்தா அக்கா தன் நம்பிக்கையில் மாறவில்லை. அபிராமியும் அவர் மாற வேண்டுமென்று காத்திருக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதில் எடுத்துக்கொள்ளக்கூடியது: என்ன செய்ய முடியாது என்று வேலைசெய்கிறவரிடம் நேராகக் கேளுங்கள், யார் என்ன செய்வார்கள் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லுங்கள். இரண்டு பேரும் கோபிப்பார்கள். கோபித்தால் வந்து கதைப்பார்கள். பொய் சொன்னால் பிளாஸ்கோடு வருவார்கள்.

போன கிழமை ஆதிக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டேன். “உண்மையாத்தானோ, தங்கச்சி?” என்று கேட்டுவிட்டுத்தான் குகன் அண்ணை விட்டார். பின்னேரம் கதவு தட்டியது. பத்மா அன்ரி பிளாஸ்கோடும் ஜெசிந்தா அக்கா முந்திரிகைப்பழத்தோடும் நின்றார்கள். இருவரும் நேரே உள்ளே போய்ப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள்.

நல்ல காலம், சுட்டது.