கூட வந்தவருக்குக் கார்டு கிடையாது

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடி கிளினிக்கில் இருபத்தாறு வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தேன். ஊசி போடுவது, ஈசிஜி எடுப்பது, டாக்டர் கோபத்தைச் சமாளிப்பது எல்லாம் இந்த மிஸ்ஸி தலையில்தான். கவுண்டரில் எனக்கு ஒரு பழக்கம். நோயாளிக்குப் பேரும் பிரஷரும் எழுதிக் கார்டு போடுவேன். கூட வந்தவர் “காத்து பிடிச்சிருக்கு” என்றால் கார்டெல்லாம் கிடையாது, கேஸ்ட்ரிக் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். தங்கமான மிஸ்ஸி என்று பேர் வேறு.

கேரித் தீவு மாணிக்கம் அண்ணன் பைபாஸ் செய்தவர், மாதா மாதம் வருவார். அவருடைய ஃபைல், மாத்திரைப் பை, குடை, தண்ணீர் போத்தல் அத்தனையும் மனைவி சரசு அக்கா கையில் இருக்கும். அன்றைக்குப் படியேறி வந்த அக்கா, நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“என்னக்கா, மெரதோன் ஓடிட்டு வர்றீங்களா?”

“காத்துலா மிஸ்ஸி. மூணு நாளா தாடையும் முதுகும் இழுக்குது, குமட்டுது. தைலம் தேச்சும் கேக்கல. கேஸ்ட்ரிக் மருந்து ஒண்ணு குடுங்க.”

“நெஞ்சு வலிக்குதா?”

“அது அவரு டிப்பார்ட்மெண்ட்.”

அண்ணனும் சிரித்தார். “இவளுக்கு ஒண்ணும் ஆகாது மிஸ்ஸி.”

நானும் சிரித்துக்கொண்டே மருந்தை நீட்டினேன். வாங்கிய கை சில்லென்று நனைந்திருந்தது.

“வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“அவரு பிரஷர் மாத்திரையில பாதி. எனக்கும் பிரஷர், இனிப்பு நீர் எல்லாம் இருக்கு. ரெண்டு பேரும் நோயாளியா வந்தா பையை யாரு தூக்குறது?”

இது காத்து இல்லை. மருந்தைப் பிடுங்கிக்கொண்டு, அண்ணனுக்காக விரித்திருந்த கட்டிலில் அக்காவைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தேன். தாளைப் பார்த்ததுமே டாக்டர் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஹார்ட் அட்டாக்.

“அவருக்கு இன்னும் ஈசிஜி எடுக்கலயே,” என்று அக்கா எழப் பார்த்தார்.

“பேசாம படுங்க,” என்று அதட்டினேன். அண்ணன் குடையைப் பிடித்தபடி மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றார்.

“பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் எல்லா நேரமும் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு வராது மிஸ்ஸி,” என்றார் டாக்டர் பிறகு. தாடை, முதுகு, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்றும் வருமாம். பிரஷரும் சர்க்கரை எனும் இனிப்பு நீரும் இருந்து, மாதவிலக்கும் நின்றுவிட்டால் இன்னும் கவனமாக இருக்க வேண்டுமாம். படித்ததுதான். கவுண்டரில் நின்றால் மறந்துபோகிறது.

இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். பை, குடை, ஃபைல் எல்லாம் இப்போது அண்ணன் தோளில். நான் அக்காவுக்குப் புதுக் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

“உங்க கார்டு எந்த டிராயர்ல இருக்கு மிஸ்ஸி? கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?”

ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்தவள் எனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்குக் கார்டே இல்லை. வயது ஐம்பத்து நான்கு. படியேறினால் எனக்கும் மூச்சு வாங்கத்தான் செய்தது, உடம்பு போட்டுவிட்டதென்று விட்டிருந்தேன்.

சரசு அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். வெள்ளைக் கார்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

“இத்தன வருசமா மிஸ்ஸி மிஸ்ஸின்னே கூப்பிட்டுட்டேன். உங்க பேரைச் சொல்லுங்க.”

சொன்னேன். அன்று என் பிரஷர் நூற்று எழுபது.

கவுண்டரில் நிற்கும் தங்கச்சிகளே, கூட வந்தவருக்கும் கார்டு போடுங்கள். அதற்கு முன் உங்களுக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.