வடகலை ஆமை

தண்ணீர் வற்றிய கழிமுகச் சேற்றில் கால் வைத்தால் முதலில் முழங்கால்வரை சில்லென்று ஏறும்; பிறகுதான் அழுகல் வாடை. அந்தச் சேற்றைக் காலாலேயே துழாவி, வட்டமாக ஏதாவது தட்டுப்பட்டால் "ஆமைடா!" என்று கத்துவாள் என் அக்கா அம்புஜம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரிலிருந்து அடையாற்று முகத்துவாரத்துக்கு நாங்கள் நடந்தே போய்விடுவோம்.

அக்காவுக்குத் தையில் கல்யாணம், திருச்சியில் புக்ககம். அதனாலோ என்னவோ, கடல் பக்கம் போகிற ஆமை பழைய இடத்துக்கே திரும்பி வருமா என்ற கேள்வி அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. அடையாளம் வைத்தால்தானே தெரியும்! கதவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டால், பிடித்த ஆமையின் ஓட்டில் எங்கள் வீட்டு வடகலை நாமத்தையே போட்டுவிட்டாள். வலை வீசிக்கொண்டிருந்த குப்பத்து மாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஆமைக்குப் போய் நாமம் போட்டுக்கினு கீற? இனிமே இத்த எவன் புடிப்பான்? சாமி குத்தமாயிடும்!"

கீழே விட்டதும் ஆமை போயிற்று, கல்யாணம்வரை தேடியும் வரவில்லை. "வந்தா எழுதுடா" என்று சொல்லிவிட்டு அக்கா ரயிலேறினாள்.

மாசியில், அதே சேற்றில், நாமத்தோடு ஓர் ஆமை கிடைத்தது. ஆனால் அது கீழே பாதம் வைத்த தென்கலை நாமம்! எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஆமைக்கே யாராவது பாதம் சேர்த்துவிட்டார்களா, இல்லை இது வேறா?

"சாமி ஆமைன்னுட்டு குப்பத்துப் பசங்கோ ஆளாளுக்குப் போட்டுக்கினு கீறானுங்க நைனா, கோயில்ல பாத்தா மாதிரியே" என்றார் மாரி. குழப்பம் கூடியதுதான் மிச்சம். சித்தப்பாவோ, "கோயில் ஆனைக்கு வடகலையா தென்கலையான்னே கோர்ட்டுக்குப் போறா, நீயும் ஒரு கேஸ் போடேன்" என்று சிரித்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் எழுதவே இல்லை.

ஆடிக்கு அக்கா வந்தாள். மடிசாரும் அடங்கிய குரலுமாக, யாரோ விருந்தாளி போல உட்கார்ந்திருந்தாள். இவள் என் அக்காதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாமம் மாறிய கதையைச் சொன்னேன்; அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"கீழே விட்டதும் எந்தப் பக்கம் போச்சு?"

"எங்கேயும் போகலை. கடலைப் பாத்துது, சேத்தைப் பாத்துது, அப்படியே நின்னுண்டிருந்தது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ நம்ம ஆமைதான்."

போன வாரம் அடையாற்றுப் பாலத்தின்மேல் நின்று பார்த்தேன். கீழே கறுப்புத் தண்ணீர். ஆமை ஒன்றுகூட இல்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது எங்கள் ஆமைதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவளுக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை.