அடைக்கிறவன் தூங்கிய மடை

மலத்தில் ரத்தம் போவதை முதலில் பார்த்தது என் தம்பி, தன்னுடையதில். கண்டரமாணிக்கத்தில் விவசாயம் பார்த்தவன். "மூலமா இருக்கும்ணே" என்றான். மலச்சிக்கல் எனக்கு இளமைத் தோழன். குடல் விவகாரத்தில் வீட்டின் அனுபவஸ்தன் என்ற தகுதியில் அவனைக் காரைக்குடிக்கு அழைத்துப் போனேன்.

கொலனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பெரிய பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை) ஒன்று தெரிந்தது. துணுக்கெடுத்துச் சோதித்தார்கள், புற்று இல்லை. மதுரைக்குப் போய் அகற்றிவிடச் சொன்னார்கள்.

ஆனால் தம்பி அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தான். கட்டியவன் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. "திருவிழா முடியட்டும்ணே. எனக்குப் பதிலா நீங்க தீச்சட்டி தூக்குவீகளா?" என்று என் தொந்தியைப் பார்த்தான். ஒரு வாரம்தானே என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

விரதச் சாப்பாட்டில் ரத்தம் நின்றுவிட்டது. காப்பை அவிழ்த்தபோது மதுரைப் பேச்சையும் சேர்த்து அவிழ்த்துப் போட்டுவிட்டான். கேட்டால், "ஆத்தாளைவிடவா ஒங்க டாக்டரு?" என்பான்.

இரண்டு வருடம் கழித்து ரத்தம் திரும்பியது. மதுரையில் பார்த்தபோது அது புற்றாகி, கல்லீரலுக்கும் போயிருந்தது.

"அன்னைக்கு நல்ல சதைன்னுதானே சொன்னாக?" என்று கேட்டான் தம்பி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்லுக்குள் எல்லா மரபணுக்களும் இருக்கும்; எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. நல்ல சதை புற்றாக மாறும்போது, வளரச் சொல்பவை ஓங்கிவிடுகின்றன. நிறுத்தச் சொல்பவை அடங்கிவிடுகின்றன. வெளியே தெரியாமல், மெல்ல மெல்ல.

"மடையைத் தெறக்கிறவன் முழிச்சிருக்கான், அடைக்கிறவன் தூங்கிட்டான். அம்புட்டுத்தானே டாக்டர்?"

அவர் தலையசைத்தார்.

"எழுப்ப முடியாதா?"

அவர் மருந்து ஏற்றும் தேதியை எழுதத் தொடங்கினார்.

கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்து) ஏறும்போது அவனைச் சிரிக்க வைப்பது என் வேலை. "முடி கொட்டுனா என்னை மாதிரியே ஆயிருவடா" என்றேன்.

"அதுக்குத்தான்ணே பயமா இருக்கு."

அறுவடைக்கு முன்பே போய்விட்டான்.

உடன்பிறந்தவர்களும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எனக்கும் ஒரு பாலிப் இருந்தது, சின்னதாக. அன்றே எடுத்துவிட்டார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். என்னுடையதில் அடைக்கிறவன் இன்னும் முழித்திருந்தான்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றுதான்: ரத்தம் நிற்பது குணமாவது அல்ல.

மறுசோதனை நாள் இந்த முறை காப்புக் கட்டும் வாரத்தில் வந்தது. நான் கட்டிக்கொள்ளாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன். திரையில் என் குடல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. என்னிடம் லட்சணமான உறுப்பு அது ஒன்றுதான் போலிருக்கிறது. "சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். சிரிக்க ஆளில்லை.

சாப்பிடும்போதுகூட இப்போதெல்லாம் வயிற்றுக்குக் காது கொடுத்தபடி இருக்கிறேன்.

தம்பியைவிட நான் மூன்று வயது மூத்தவன். அந்த வித்தியாசம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கூடிக்கொண்டே போகிறது.