கடைசி வீட்டு அடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு தெருவுக்கே பொதுவாகச் சாண எரிவாயுக் கலன் அமைத்தோம். நான் யூனியன் ஆபீஸ் ஓவர்சியர். குழி வெட்டிக் கட்டியது எங்கள் ஆபீஸ். குழியின் மேல் கவிழ்க்கும் இரும்பு டிரம் வேறொரு இலாகா. குழாயும் அடுப்பும் இன்னொன்று. ஏதாவது கெட்டால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவோம். அந்த விஷயத்தில் நானும் லேசுப்பட்டவன் இல்லை.

எங்கள் மூவரையும் கட்டி மேய்க்க ஓர் அம்மா வந்தார். கோரிப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் விரிவாக்க அலுவலர். மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பெண், என்னைவிட இளையவர். வந்ததும், "இனிமே கூட்டம் ஆபீஸ்ல இல்ல சார், குழிக்கிட்டத்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் வெயிலில் சாணி வாடையை முகர்ந்துகொண்டு எவன் நீட்டி முழக்குவான்? இழுத்துக்கொண்டு கிடந்த வேலை மளமளவென்று முடிந்தது.

காலையில் தெருப் பெண்கள் சாணி கொண்டுவந்து கொட்டிக் கரைப்பார்கள். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். சமைக்கிற நேரத்துக்குத் திறந்துவிட்டால் வரிசையாக அடுப்புகள் நீலமாக எரியும். குழாயின் கடைசியில் இருந்த வீட்டுக்காரிக்கு இளைப்பு. விறகுப் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடு கிடையாது, ஆனாலும் தெருவே பேசி அவளைச் சேர்த்துக்கொண்டது. "எண்ணே... கேஸு... எங்க வீடு வரைக்கும்... வந்துருமா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கும்.

வாயு அவள் வீடு வரை வரவில்லை. டிரம் அரைகுறையாக எழும்பிப் படுத்துவிடும். முன் வீடுகள் சமைத்து முடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அவள் திரும்பவும் விறகை ஊதினாள். கலனையே மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு கிளம்பியது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் சாணி வருவதில்லை. அந்த நாட்களில் வீட்டுப் பொருளை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். சாணியும் லட்சுமிதானே? என் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை உறைமோர் கேட்டு வந்தால் மறுநாள் வரச் சொல்வார்கள். அப்படியிருந்தும் திட்டம் போட்ட மூன்று இலாகாவில் ஒரு மண்டைக்கும் இது உறைக்கவில்லை.

"சாணி போடாத வீட்டுக்கு வாயுவை அடைக்கணும்" என்று நான் குதித்தேன்.

"அடைச்சா முதல்ல போறது அந்தக் கடைசி வீடுதான் சார். அவங்களுக்குத்தான் மாடே இல்லையே" என்றார் அந்த அம்மா.

மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவர் வீட்டில் இந்தக் கிழமைக் கணக்கு எதுவும் கிடையாது. குழிக்கரையில் பெண்களோடு உட்கார்ந்து, "எங்கே போட்டா லட்சுமி போகமாட்டா?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எங்க குப்பைக்குழியில எந்தக் கெழமையும் போடுவோம்மா, அது எங்க எடம். இது கவர்மெண்டு எடமாச்சே" என்றாள் ஒருத்தி.

அந்த அம்மா திரும்பி என் கைவேலையைப் பார்த்தார். சுற்றிலும் முள்கம்பி வேலி, 'அன்னியர் உள்ளே வரக்கூடாது' என்று போர்டு. "சார், இதை எடுத்துரலாமா?" என்றார்.

விதி, பாதுகாப்பு என்று நான் எகிறினேன். அவர் அசரவில்லை. தீப்பெட்டியும் பீடியும் கிட்டே வரக்கூடாது, அந்த ஒரு விதி போதும் என்றார். அதைக் காக்கும் பொறுப்பையும் பெண்களிடமே கொடுத்தார். வேலி போனது. சாணி கரைக்கும் தொட்டியைச் சுற்றி ஆளுக்கு ஓர் இடம் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே வாசல் தெளித்து, ஆளுக்கொரு கோலம் போட்டுவிட்டு, சாணியைக் கொட்டினார்கள். நான் எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மூளையை, இப்படி ஒரு பொறுமையைப் பார்த்ததில்லை.

டிரம் எழும்பியது. கடைசி வீட்டிலும் நீலமாக எரிந்தது. மூடும் பேச்சும் அடங்கியது.

சில மாதம் கழித்து நாங்கள் இருவரும் போனபோது, அந்தக் கடைசி வீட்டுக்காரி தெருவிலேயே என்னை மறித்தாள். குழாயில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுவது அதற்குள் எங்கள் ஆபீஸ் பொறுப்புக்கு வந்திருந்தது; என் ஆட்கள் வடித்துவிடவில்லை.

"எண்ணே, இம்புட்டுப் பெரிய ஓவர்சியரு, குழாயில தண்ணி நிக்கிறதப் பாக்காம எங்க போனீக, அடுப்பு தூங்கித் தூங்கி எரியுது, ஒலையில போட்ட அரிசி அம்புட்டும் அரைவேக்காடாக் கெடக்கு, வந்து பாருங்க!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா கை காட்டி என்னை நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கவனிச்சீங்களா சார்? நடுவுல எங்கயும் மூச்சு வாங்கல."

நான் வாயை மூடிக்கொண்டு மிச்சத் திட்டையும் வாங்கிக்கொண்டேன்.