காலி அறைக்குள் இறங்கும் முன்

கப்பலில் போகிறவர்களுக்கு எமன் புயல்தான் என்றொரு நம்பிக்கை எங்கள் ஊர் முதுகுளத்தூர் பேருந்து நிலையம் வரை பரவியிருக்கிறது. சரக்குக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி என்ற பொறுப்பில் அதை முழுமூச்சாக மறுக்கிறேன். புயல் சொல்லிக்கொண்டு வரும். சொல்லாமல் கொல்வது, மூடிக் கிடந்த காலி அறை. அதற்குள் இறங்குமுன் காற்றை அளக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். எந்த வேலையிலாவது படிவத்தை நீட்டி முறைப்பு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

சங்கிலி அறை

மேல்தள ஆட்களுக்குத் தலைவர் தொண்டிக்காரர் காசிம் பாய். நங்கூரச் சங்கிலி அறைக்குள் அவருடைய ஸ்பானர் விழுந்துவிட்டது. இறங்கப் போனவரை மறித்து, துருப்பிடிக்கும் இரும்பு அறையிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும் என்று இரசாயனச் சமன்பாட்டோடு விளக்கினேன். காற்றை அளந்து, படிவம் நிரப்பி, முக்கால் மணி நேரம் கழித்துக் கைக்கு வந்த ஸ்பானரைத் துடைத்தபடி பாய் கேட்டார்: "சங்கிலி காத்தத் திங்கிது, ஃபாரம் என் நேரத்தத் திங்கிது. ரெண்டுல எது சார் ஆபத்து?"

பொம்மை

அடுத்த வாரம் ஒத்திகை. ஆளளவு பொம்மையை ஒரு தொட்டிக்குள் போட்டு, "ஆள் மயங்கிக் கிடக்கிறான்" என்று அறிவித்தேன். (தொட்டியின் காற்றை முன்பே அளந்திருந்தேன், படிவம் என்னிடம் இருக்கிறது.) பாய் சுவாசக் கருவியை மாட்டாமலே இறங்கி, பொம்மையைத் தோளில் தூக்கி வந்தார்.

இப்படிக் காப்பாற்ற இறங்குபவர்தான் அடுத்த பிணம். அறிக்கையில் "இறந்தவர்கள் இருவர், ஒருவர் பொம்மை" என்று எழுதி அவரிடமே கையெழுத்துக் கேட்டேன். இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டார். "பொம்மைன்னு சொல்லிருந்தா ஃபாரம் எழுதிட்டே எறங்கிருப்பேன். நீங்க ஆளுன்னீங்க."

தடைக்காலத்தின் கடைசி நாள்

நாங்கள் இருவரும் விடுப்பில் அவரவர் ஊரில் இருந்தபோது பாய் போன் செய்தார். மச்சான் சேகுவின் விசைப்படகு மறுநாள் கடலுக்குப் போக வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் நாள் மீன்பாடுதான் பெரிய வரும்படி. இரண்டு மாதம் மூடிக் கிடந்த மீன் அறையில் அழுகல் தண்ணீர். கழுவ இறங்கப் போன சேகுவை, பாய் வாசலில் மறித்து நிற்கிறார்.

"ஊரே நாளைக்குப் போகுது, நான் மட்டும் கரையில நிக்கவா?" என்று சேகு கத்துவது கேட்டது. "இம்புட்டு நேரம் நாறுச்சு, இப்ப நாத்தமே இல்ல. நகருங்க மச்சான்."

நாற்றம் நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று பொருளல்ல. நச்சுவாயுவில் மூக்கு வேலையை விட்டுவிட்டது என்று பொருள். இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என் சொந்த அளவுகருவியோடு பஸ் ஏறினேன். ராமநாதபுரத்தில் மாறித் தொண்டி போய்ச் சேர மதியமாகிவிட்டது. பாய் அதே இடத்தில், மடியில் கப்பல் படிவம் ஒன்றோடு குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். சேகு அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

கருவியைக் கயிற்றில் கட்டி அறைக்குள் இறக்கினேன். ஒரு முழம் போவதற்குள் அலறத் தொடங்கியது. மேலே இழுத்த பிறகுதான் நின்றது.

சேகு பாயிடம் கையை நீட்டினார். "அந்த ஃபாரத்தக் குடுங்க மச்சான்."

தண்ணீரை மேலிருந்தே மோட்டார் வைத்து இறைத்தோம். கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கி அறை வாசலில் வைத்த பெரிய காற்றாடி மறுநாளும் ஓடியது. கருவி வாய்மூடிய பிறகே அறையைக் கழுவினார்கள். படகு ஒரு நாள் தாமதமாகக் கடலுக்குப் போனது, சேகுவும் அதில்தான் போனார்.