பெருவிரல் கோழிகள்

எங்கள் அப்பா விளையாடினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்தக் கோழி விளையாட்டுக்கு முன் ஒரே ஒரு தடவை என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓடி நின்ற இடம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே எனக்கு ஊசி போட்டார்கள்.

அன்று அவர் வேலைக்குப் போகாமல் கந்தப்பளை டவுனுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு மைப் புட்டி. "வாங்க, கோழிக்குஞ்சு செய்வோம்" என்று கூப்பிட்டார். தங்கை ஓடினாள். ஆறு வயதுக்காரனான நான் கதவோரமே நின்றேன். சிலேட்டுக்குச்சி வாங்கித் தரவே மூக்கால் அழுகிறவர், மை வாங்குவாரா?

சீனி சுற்றி வந்த தாளை விரித்து, பெருவிரலில் மை தொட்டு அழுத்தினார். அந்த நீல உருண்டைக்கு அடுப்புக்கரியால் மூக்கு, கண், இரண்டு கால். குஞ்சு! நீளமாக வால் இழுத்தால் எலி. இத்தனை வித்தையையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை, நானும் உட்கார்ந்தேன். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார், கண் மட்டும் வாசலில் இருந்தது. ஊசி போடுகிறவர்தான் வரப்போகிறார் என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

வந்தது அம்மா. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"என்னங்க இது, என்னைக்கும் இல்லாம?"

"புள்ளைகளோட வெளையாடக் கூடாதா? நீயும் ஒண்ணு வையி. தாய்க்கோழி இல்லாம நிக்குதுங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சில மாதங்களாக லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஒரே சண்டை. இந்த நாட்டில் நமக்குப் பிரஜாவுரிமை கிடைக்காது, இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிடலாம் என்பார் அப்பா. "எங்கூடப் பொறந்தவங்க எல்லாம் டிக்கோயாவுல இருக்காங்க, நான் வரமாட்டேன்" என்பாள் அம்மா. இந்தியா என்றால் திருவிழாவுக்குப் போய்த் திரும்புவது போல என்று நான் நினைத்திருந்தேன்.

தங்கை சிணுங்கியதால் அம்மா மை தொட்டு ஒரு கோழி வைத்தாள். உடனே அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நிறைய எழுத்துக்குக் கீழே அவருடைய நீல உருண்டை ஏற்கெனவே இருந்தது.

"இதுலயும் ஒண்ணு வச்சிரு."

"இதுக்குத்தானா?" என்று அம்மா கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அப்பாவின் சிரிப்பையும் மையையும் சந்தேகப்பட்ட எனக்கு, அந்தத் தாள்மேல் சந்தேகமே வரவில்லை. அப்பாவின் கோழி தனியாக நிற்கிறதே என்றுதான் பட்டது. "வைம்மா, வைம்மா" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஈரம் காயாத அந்தப் பெருவிரலைத் தாளில் அழுத்தியவன் நான்தான். அவள் உதறியிருக்கலாம். உதறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அவசரமாகத் தாளை எடுத்து ஊதிக்கொண்டே வெளியே போனார்.

"இருங்கப்பா, இன்னும் மூக்கு வைக்கல" என்று கரித்துண்டோடு நான் அவர் பின்னால் ஓடினேன்.